சம்பளத்துக்குப் பந்து விளையாடிய காலம்

புது பூட்ஸின் தோல் வாசனை... பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்க அதுதான்.

அப்போது எங்கள் புதுச்சேரியில் ஒரு முதலாளி கால்பந்து டீம் ஆரம்பித்திருந்தார். விளையாடுவதற்கு மாதச் சம்பளம்! மில் வேலையை விட்டுவிட்டுப் போன நான் கோல்கீப்பர். வீராம்பட்டினத்து முருகையன் ஃபார்வேர்டு. அண்ணனோடு கூட்டாக வைத்திருந்த படகில் தன் பங்கை அவருக்கே விட்டுவிட்டு வந்தான்.

"இனிமே எனக்குப் பந்துதான் மச்சான்" என்றான்.

மணலில் வெறுங்காலோடு விளையாடி வளர்ந்தவன். டீமில் பூட்ஸ் கட்டாயம். முதல் மேட்சில் அவன் உதைத்த பந்தெல்லாம் கூட்டத்துக்குள் போனது. இடைவேளையில் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாடா இது?" என்று கத்தினார் மேனேஜர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா அவர்.

"படவு ஆடுறப்ப அசையாம நிக்கிற காலு முசே. தோலுக்குள்ள போட்டு மூடுனா அதுக்குக் கண்ணு தெரியல."

சொல்தாவே சிரித்துவிட்டார். ஆனாலும் மாட்ட வைத்தார்.

அதற்குப் பிறகு முருகையன் தினமும் பூட்ஸோடு கடற்கரை மணலில் நடந்து பழகினான். மீன் காயப்போடும் பெண்கள் சும்மா விடுவார்களா...

"யோவ் தொர! கடல்ல எறங்குறப்பவும் மாட்டிக்குவியா?"

குதிகாலில் கொப்புளம் வந்து உடைந்தது. அவன் விடவில்லை. மழைக்காலம் வருவதற்குள், அவன் இடது காலால் அடித்த பந்தைப் பிடித்தால் எனக்குக் கை எரியும்.

அடுத்த வருஷமே எல்லாம் முடிந்தது.

ஒரு நாள் காலை பயிற்சிக்குப் போனோம். மைதானத்துக் கேட்டில் பூட்டு. வெளியில் சொல்தா நின்றிருந்தார்.

"மொதலாளி கைய விரிச்சிட்டாருப்பா. டீம் கலஞ்சிடுச்சி."

முருகையன் மட்டும் கேட்டான்.

"அப்ப... ஞாயித்துக்கெழம மேட்ச்சு?"

நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனேன். அவன் அண்ணனிடமே திரும்பினான். முன்பு தனக்கும் பங்கிருந்த அதே படகில் கூலிக்கு. பிறகு எத்தனையோ முறை சந்தித்தோம். பந்து என்று நான் ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவான்.

இப்போது ரெட்டியார்பாளையம் பக்கம் பிள்ளைகள் வாடகை கொடுத்து டர்ஃபில் விளையாடுகிறார்கள். எங்களுக்கு விளையாடச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் நம்பவா போகிறார்கள்!

போன வருஷம்தான் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பஸ் போர்டு, கடைப் பலகை, எதையும் விடுவதில்லை. வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடப்பேன். அத்தனை சந்தோஷம்.

போன மாதம் முருகையன் இறந்துபோனான். அவன் தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். படத்துக்குக் கீழே பெயர். பெயருக்குக் கீழே இன்னொரு வரி. எழுத்து எழுத்தாகக் கூட்டினேன்.

கால்பந்தாட்ட வீரர்.

"யாருப்பா இத எழுதச் சொன்னது?" என்று அவன் மகனிடம் கேட்டேன்.

"வூட்ல அது ஒன்னத்தான பேசுவாரு, பெரிப்பா."

திரும்பவும் முதலிலிருந்து படித்தேன்... இந்த முறை எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை.