ஒரு காது ஏலத்துக்கு

இந்திராணி இரண்டு கட்டைவிரல்களுக்கும் பவுடர் பூசிக்கொண்டாள். அவள் முகத்துக்குப் பவுடர் போட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை. உப்பில் புழங்கிப் புழங்கி வெடித்துப்போன விரல்கள் அவை. வியர்வையும் சேர்ந்துகொண்டால் போன் திரையில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். ஒட்டினால் அரை நொடி வீண். அந்த ஆட்டத்தில் அரை நொடி போனால் கழுத்து போய்விடும். அதனால்தான் இடுப்புச் சுருக்குப்பையில் எப்போதும் ஒரு சின்னப் பவுடர் டப்பா.

இந்த வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மூன்று தடவை பூசிவிட்டாள். வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கும் மகன் தமிழ்வாணனிடமிருந்து பதிமூன்று நாட்களாக ஒரு தகவலும் இல்லை. போன வெள்ளிக்கிழமையும் இதே இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்துக்கு வந்துவிட்டான் என்று காட்டும் பச்சைப் புள்ளி அவன் பெயருக்குப் பக்கத்தில் எரியவே இல்லை.

அவள் இடம் என்பது கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய ஐஸ் பெட்டி. ஊரில் நெட் விட்டுவிட்டு வராமல் ஒழுங்காக வருவது அங்கே மட்டும்தான். ஒரு பக்கம் பைபர் படகுகள், இன்னொரு பக்கம் அவள் காயப்போட்ட நெத்திலி. வலது காதில் இயர்போன் இருக்கும். இடது காதுக்கானது கழுத்தில் தொங்கும். கேட்டால், "இந்தக் காது புள்ளைக்கி, இந்தக் காது ஏலத்துக்கு" என்பாள். படகு வந்து ஏலம் கூறினால் ஓட வேண்டுமே! நாற்பத்தேழு வயதில் முப்பது வருஷம் அவளுக்குக் கருவாட்டு வியாபாரம். மீனைப் பச்சையாக ஏலத்தில் எடுத்து, உப்புப் போட்டு, காயவைத்து, கூடையோடு பொன்னேரி சந்தைக்கு பஸ் ஏறுவாள். அந்த முப்பது வருஷத்தில் அவள் காதுக்குத் தப்பிய ஏலம் இல்லை என்று ஏலம் கூறும் திருவேங்கடமே சொல்வார்.

ஆட்டம் என்றால் தாயம், பல்லாங்குழி இல்லை. இடிந்த ஆஸ்பத்திரி ஒன்று, முடிவே தெரியாத இருட்டுத் தாழ்வாரம். திரையில் ஒரு துப்பாக்கியும் அதைப் பிடித்த இரண்டு கைகளும் மட்டும் தெரியும். அந்தக் கைகள் நம்முடையவை. எதிரே வருகிறவை செத்தும் சாகாதவை, நடந்து வராமல் ஓடி வருகிறவை. பார்க்கிறவர்களுக்கே குலை நடுங்கும்.

தமிழ்வாணன் போயிருக்கும் ஊரில் நெட்டில் கூப்பிட்டுப் பேசத் தடை, போன் போட்டால் காசு கரைந்துவிடும். ஆனால் ஆட்டத்துக்குள் ஜோடியாக ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளலாம். அவனுக்கு லீவு வெள்ளிக்கிழமை. அன்று அம்மாவும் மகனும் ஆஸ்பத்திரியில் சந்தித்துக்கொள்வார்கள். "வேற ஆட்டமே கெடைக்கலியாடா உனுக்கு?" என்று ஆரம்பத்தில் திட்டினாள். "இதுலதாம்மா வாய்ஸ் கிளியரா கீது" என்றான். முதல் நாள் அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு சரோஜா பாம்போ என்று தடியோடு ஓடி வந்தாள். இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மகனுடைய ரூமில் இருக்கும் பையன்கள், "ஆன்ட்டியை எங்க டீமுக்கு அனுப்பு" என்று கெஞ்சுகிற அளவுக்கு ஆள் தேறிவிட்டாள்.

பேய்களுக்கு அவள் வைத்திருக்கும் பெயர்கள் தனி. கூரையில் ஊர்ந்து வருவது நண்டு. ஒல்லியாக, நீளமாக, பளபளவென்று பாய்வது வாளை. முகத்தில் வந்து ஒட்டிக்கொள்வது சொறி, வலையில் ஏறிக் கையை அரிக்கவைக்கும் அதே சொறிமீன். கடைசியில் தரை அதிர வருகிற பெரியவன் கொம்பன், கொம்பன்சுறாவின் சுருக்கம். குடும்ப நலமெல்லாம் இவற்றுக்கு நடுவேதான் விசாரிக்கப்படும்.

"சாப்டியாடா? பின்னால நண்டு, பின்னால நண்டு!"

"சாப்டேம்மா. நைனா எப்டி கீறாரு?"

"உங்க நைனாக்கு இன்னா, ஏரில வலையப் போட்டுட்டு கெடக்குறாரு. தோ, வாளை வருது பாரு, சுடு!"

எல்லாம் கற்றுக்கொண்டவளுக்கு ஒன்று மட்டும் வரவில்லை. ஆட்டத்தில் டார்ச்சை அணைத்துவிட்டுப் பதுங்க வேண்டும், வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அதுகள் வரும். தமிழ்வாணன் எப்போதும் அணைத்தே வைத்திருப்பான். இவள் அணைக்க மாட்டாள். அதனாலேயே எத்தனையோ முறை இரண்டு பேரும் சேர்ந்து செத்திருக்கிறார்கள். "லைட்ட ஆப் பண்ணும்மா, உன்னால ஒரே பேஜாரா கீது" என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான். "கடல்ல ஆளு கீறப்ப வெளக்க அணைப்பாங்களாடா?" என்பாள். அவள் வீட்டில் அதுதான் வழக்கம். கடலுக்குப் போனவர் கரையேறும்வரை வாசல் விளக்கு எரிய வேண்டும். மகன் போன நாளிலிருந்து இரண்டு வருஷமாக வாசல் பல்பு பகலிலும் எரிகிறது. "சூரியனுக்கே லைட் அடிக்கிறா" என்று புருஷன் பச்சைமுத்து கிண்டல் செய்வார். ஆனால் போன வாரம் அந்த பல்பு பீஸ் போனதும் பழவேற்காட்டுக்கு ஓடிப்போய் புதுசு வாங்கி மாட்டியவரும் அவர்தான்.

மகன் போகும் படகு ஐந்தாறு நாளில் கரைக்குத் திரும்பிவிடும். இந்த முறை திரும்பவில்லை. அனுப்பிவைத்த ஏஜென்ட் தினமும் "நாளைக்குச் சொல்றேன்" என்கிறார். எல்லை தாண்டிய படகுகளைப் பிடித்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு, காற்றில் ஒன்று கவிழ்ந்தது என்று இன்னொரு பேச்சு. அவள் காதுபட யாரும் எதையும் பேசுவதில்லை. சரோஜா மட்டும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே இவளுடைய மீனுக்கும் சேர்த்து உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொன்றே காலுக்குப் பச்சைப் புள்ளி எரிந்தது.

"தமிழு!" என்றாள். ஆட்டம் தொடங்கியது. தாழ்வாரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் அவன் உருவம் துப்பாக்கியைத் தொங்கவிட்டு நின்றது. நகரவில்லை.

"டேய், இன்னாடா ஆச்சு? பேசுடா!"

அந்த போன் யார் கையில் இருக்கிறது? போலீஸ்காரன் எடுத்தானா? அவன் பெட்டியைக் கிளறிய யாரோ தெரியாமல் தட்டிவிட்டார்களா? ஒன்று மட்டும் உறுதி. அந்த உருவம் விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும், தொடர்பு அறுந்துவிடும். அப்புறம் அந்தப் பக்கத்தில் யார் என்று கேட்கக்கூட வழியிருக்காது.

கூரையில் நண்டுகள் சரசரத்தன. அவன் முன்னால் போய் நின்று இரண்டைச் சுட்டாள். மூன்றாவது அவனைத் தாண்டி இவளிடமே வந்தது. அப்போதுதான் உறைத்தது. அவன் டார்ச் அணைந்திருக்கிறது, தன்னுடையது எரிகிறது. அதுகளுக்கு வெளிச்சம்தான் கணக்கு. இந்திராணி வேண்டுமென்றே பத்தடி தள்ளிப் போனாள். "வாங்கடி, இங்க வாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள். வந்தன. வாளை இரண்டு, சொறி ஒன்று. கட்டைவிரல்கள் பறந்தன. பாதி ரத்தம் போய்விட்டது, பதினொரு குண்டு மிச்சம்.

சுட்ட சத்தம் அடங்கிய இடைவெளியில் வலது காதில் ஏதோ கேட்டது. பேச்சு இல்லை. அலை மாதிரி வந்து வந்து போகிற ஒரு இரைச்சல். நெட் கோளாறு என்று நினைத்தாள். மறுபடி வந்தபோது அதன் முடிவில் மெல்லிய விசில் ஒன்று இருந்தது.

இந்திராணி மூச்சை அடக்கிக்கொண்டாள். பத்து வயதில் படகு விளிம்பில் மோதி மூக்கு உடைந்ததிலிருந்து தமிழ்வாணனின் குறட்டை விசிலோடுதான் முடியும். பதினாலு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டவளுக்குத் தெரியாதா!

"தூங்குறான்டி" என்றாள்.

சரோஜா உப்புக் கையோடு நிமிர்ந்தாள். "யாருக்கா?"

"எம்புள்ள. கரைக்கி வந்துட்டான். ஆட்டத்தத் தொறந்துட்டு அப்டியே தூங்கிட்டான்."

"எழுப்புக்கா! இன்னா ஆச்சின்னு கேளு!"

"சும்மா இருடி. எத்தினி நாளு கண்ண மூடாம கெடந்தானோ."

கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கை இல்லை. சரோஜா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். இந்திராணி இப்போது சத்தமே போடவில்லை. நண்டு வந்தால் "நண்டு" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். எட்டுக் குண்டு. ஆறு. தாழ்வாரத்தின் கோடியில் தரை அதிர்ந்தது. கொம்பன் கிளம்பிவிட்டான்.

அதே நேரம் படகு ஒன்று கரையில் ஏறியது. "நெத்திலி! நெத்திலி!" என்று திருவேங்கடம் குரல் கொடுத்தார். பத்து நாளாகக் குப்பமே காத்திருந்த மீன் அது. "இந்திராணி, ஓடியா! கூடை கூடையா வந்து கீது, அப்பால இல்லனு சொல்லாத!"

வலது காதில் விசில் சீராக வந்துகொண்டிருந்தது. கொம்பன் டார்ச் வெளிச்சத்துக்குள் தலையை நீட்டினான். இந்திராணி திரையிலிருந்து இடது கட்டைவிரலை எடுத்தாள். கழுத்தில் தொங்கிய இயர்போனைத் தடவி எடுத்து இடது காதிலும் செருகிக்கொண்டு, விரலைத் திரும்பவும் திரையில் வைத்தாள்.