கத்திரியக்காவும் கடைசி அறைக் குஞ்சுகளும்

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் கூடப் பொய் கிடையாது. சரி, கூட்டத்துக்கு வந்த பண்ணைக்காரர்களே, வியாபாரிகளே, அப்படி முறைக்காதீர்கள். கோழிகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன், அக்காவின் கோபத்தை நிறைய இறக்கியிருக்கிறேன். மற்றபடி அச்சு அசல்.

கோழி நோய் ஆய்வுக்கூடத்தில் செத்த கோழிகளை அறுத்துத் திறக்கிற வேலை கத்திரியக்காவுக்கு, இருபத்தாறு வருடமாக. அவள் திறந்து காட்டுவாள், டாக்டர் பார்த்து எழுதுவார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் கோழியின் வயிற்றை மட்டும் நாம் நாள்காட்டி பார்ப்பது போல வாசிப்பாள். குருட்டுக்குடல் ரத்தம் கட்டிப் புடைத்திருந்தால், "தரை ஈரமா கெடந்துச்சா?" என்பாள். இரைப்பைக்கு முன்னாலிருக்கும் சின்னப் பையில் ஊசி குத்தியது போல சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், "தடுப்பூசி எப்போ போட்டே?" என்பாள். அவள் கத்திரியை எடுத்தாலே செத்த கோழி எழுந்து உட்கார்ந்து, "அக்கா, எனக்கு ஈரல்ல கோளாறு" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் பரப்பியதுதான்.

அக்காவுக்கு இரண்டு தம்பிகள். பெரியவனுக்குக் கோழிப்பண்ணை, சின்னவனுக்குத் தீவனக்கடை. இருவர் வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று, அதில் ஒரு கதவு. சர்க்கரை தீர்ந்தால் டம்ளரும், தூக்கம் வராவிட்டால் பிள்ளைகளும் அந்தக் கதவு வழியாகத்தான் போய் வருவார்கள். பெரியவன் பண்ணையில் பத்து நாள் குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. சின்னவன் கொடுத்த தீவனம்தான் காரணம் என்று அவன் முடிவுகட்டி, நடுக்கதவைத் தாழிட்டு, அதை அடைக்கச் செங்கலும் இறக்கிவிட்டான். கொத்தனாரும் வந்துவிட்டார்.

அன்று காலை பெரியவன் மூன்று செத்த குஞ்சுகளோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றான்.

"டாக்டர் லீவுடா."

"டாக்டர் எதுக்குக்கா? நீ தொறந்து, தீவனந்தான்னு ஒரு வார்த்தை சொல்லு. கொத்தனார் காத்திட்டிருக்காரு."

"கதவை அடைக்க நான் சாட்சியா? நல்லா இருக்குடா உன் நியாயம்."

முதல் குஞ்சைத் திறந்தாள். நெஞ்சிலும் ஈரலிலும் மாவு தூவியது போல வெள்ளை. சிறுநீரகம் வீங்கி, வெள்ளைக் கோடுகளோடு இருந்தது. மற்ற இரண்டும் அப்படியே.

பெரியவன் துள்ளினான். "பாத்தியா! சுண்ணாம்பைக் கலந்திருக்கான் படுபாவி!"

"கத்தாதே. இது தின்ன சுண்ணாம்பு இல்ல. எச்சத்தோட வெளிய போகவேண்டிய உப்பு. கிட்னி கெட்டு, போக வழியில்லாம நெஞ்சுமேல படிஞ்சிருக்கு."

"கிட்னி எதால கெட்டுச்சு? தீவனத்தால!"

இல்லை என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. குஞ்சுக்கு ஆகாத அளவு சுண்ணாம்புச்சத்து தீவனத்தில் இருந்தாலும் இந்த வெள்ளை வரும், தண்ணீர் கிடைக்காமல் போனாலும் வரும். ஒரு சொல் மாறினால் தம்பிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம். குஞ்சின் காலைத் தடவிப் பார்த்தாள். தோல் வற்றிச் சுருங்கியிருந்தது.

"எந்த அறையில சாவு?"

"மூணுல கடைசி அறை மட்டும்."

"மூணுக்கும் ஒரே மூட்டைதானே போடறே?"

"ஆமா." சொன்ன பிறகுதான் அவனுக்கு லேசாக உறைத்தது. "தண்ணிக்குழாயும் ஒண்ணுதான்!" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

அக்கா கத்திரியைக் கழுவி வைத்துவிட்டு, அவனோடு பண்ணைக்குப் போனாள். கடைசி அறையில், குஞ்சுகளின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தித் தரையில் உட்கார்ந்தாள். குழாயில் தொங்கும் முனைகளைக் கொத்தினால்தான் தண்ணீர் சொட்டும். பெரிய குஞ்சுகள் எம்பி எம்பிக் கொத்தின. சின்னவை மழை வருமா என்று பார்ப்பது போல அண்ணாந்து நின்றன.

"குழாயை யாருடா மாட்டினது?"

"நானேதான். ரசமட்டம் வெச்சு மாட்டினேன். ஒரு நூல் ஏறல, எறங்கல. வேணும்னா வெச்சுப் பாரு!"

"குழாய் மட்டமாத்தான் இருக்கு ராசா. தரை?"

கழுவிவிடும் தண்ணீர் வடியட்டும் என்று, தரையைக் கடைசி அறைப் பக்கம் சரிவாகப் போடச் சொன்னவனும் அவனேதான். முதல் அறையில் குஞ்சின் வாய்க்கு எட்டிய குழாய், இங்கே நாலு விரல் மேலே நின்றது.

"பெரிய இன்ஜினியர்டா நீ. குஞ்சு என்ன, ஏணி போட்டா குடிக்கும்?"

பெரியவன் குழாயை இறக்கிக் கட்டினான். குஞ்சுகள் குடித்த குடியில் மேல்தொட்டி காலியாகிவிட்டது. சரி, பாதி.

"அப்போ தீவனத்துல ஒண்ணுமில்லையாக்கா?"

"டாக்டர் வந்ததும் அதையும் சோதிக்கச் சொல்றேன். ஆனா அதே மூட்டையத் தின்னுட்டு ரெண்டு அறை ஓடியாடிட்டு இருக்கே, உனக்குக் கண்ணு தெரியலையா?"

வீட்டில் கொத்தனார் கலவை போடத் தொடங்கியிருந்தார். "நிறுத்துங்க, இன்னைக்கு வேலையில்ல" என்று சொல்லிவிட்டு, பெரியவன் நடுக்கதவைத் திறந்து வாசற்படியிலேயே நின்றான். சின்னவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி... தீவனம் இல்லடா. தண்ணிதான்."

"தீவனம் இல்லைன்னு சொல்லத்தானே மூணு நாளா இந்தக் கதவைத் தட்டினேன்?" சின்னவன் தட்டிலிருந்து நிமிரவில்லை. அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே, "உள்ள வாங்கண்ணே, ஈ வருது" என்றான்.

இந்த இடத்தில், கதை கேட்டுக்கொண்டிருந்த முட்டைக்கோழிப் பண்ணைக்காரர் எழுந்துவிட்டார். "சும்மா கதை விடாதீங்கய்யா! அந்தம்மா சின்னத் தம்பியைக் காப்பாத்திடுச்சு. என் குஞ்சுங்களுக்கும் இதே வெள்ளை வந்துச்சு. தண்ணி நெறையத்தான் இருந்துச்சு, தீவனந்தான் கோளாறு!"

"யார் கடைத் தீவனம்?" என்று பின்வரிசையிலிருந்து தீவன வியாபாரி கேட்டார்.

"உங்க கடைதான்!"

"சுண்ணாம்பு தூக்கலா இருக்கிற முட்டைக்கோழித் தீவன மூட்டையைப் பிரிச்சு பச்சைக் குஞ்சுக்குக் கொட்டினது நானாய்யா?"

"அதைத் தூக்கிக் குடுத்தது யாரு?"

"கேட்டது யாரு?"

ஒரு நாற்காலி சாய்ந்தது. யாரோ இருவர் இருவரையும் பிடித்து இழுத்தார்கள். பிடிக்க வந்த இருவரும் இப்போது தங்களுக்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.