ஸ்கிப் பட்டன்

அந்தக் கண் ஆஸ்பத்திரியின் முன்கூடமே நாலு இங்கிலீஷ் வார்த்தைகளில்தான் ஓடியது. கூப்பிட்டும் வராதவரை ஸ்கிப் பண்ணுவார்கள். அவசரக்காரர்கள் வரிசையை ஜம்ப் பண்ணுவார்கள். "டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டால் நர்ஸ் டாட்ஜ் பண்ணுவார். நச்சரிக்கிறவர்களின் போனை மேனேஜர் அவாய்ட் பண்ணுவார். இத்தனையையும் காதில் வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் டோக்கன் அக்கா என்றார்கள். பதினொரு வருஷ வேலை. ஒரு மைக், இரண்டு பட்டன். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் ஸ்கிப். அந்த நம்பர் கடைசிக்குப் போய்விடும்.

இரண்டு மாதமாக அக்காவின் கண்ணில் புகை படிந்த மாதிரி இருந்தது. எதிர்ச்சுவர் பலகையில் மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிந்தன. நம்பர் தெரியாவிட்டால் நாற்காலி போச்சு. தனக்கென்று நாலு தடவை டோக்கன் போட்டார். கூண்டில் உட்கார மாற்று ஆள் இல்லாமல் நாலும் வீண். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கே வரம் இல்லை.

ஐந்தாவது தடவை மேனேஜரே வாக்குக் கொடுத்தார். "உங்க நம்பர் வரட்டும்க்கா, நான் வந்து உட்கார்றேன்."

அக்காவின் நம்பர் எழுபத்தாறு. எழுபத்தைந்து உள்ளே போனதும் மேனேஜருக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மீசைக்காரர் டாக்டர் அறைப் பக்கம் நழுவினார்.

"ஐயா, ஜம்ப் பண்ணாதீங்க!"

"ஒரே ஒரு சந்தேகம்மா, அரை நிமிஷம்."

"இங்க எல்லாருக்கும் அரை நிமிஷந்தான். உட்காருங்க!"

அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டே அக்கா மைக்கில் எழுபத்தாறை மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. பதினொரு வருஷப் பழக்கம். விரல் ஸ்கிப்பை அழுத்திவிட்டது. எழுபத்தேழாம் நம்பர் அம்மாள் கதவைத் திறந்தபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

கூடம் காலியானதும் அக்கா டாக்டர் அறைக்கு ஓடியபோது, டாக்டர் கிளம்பிப் பையும் கையுமாக நின்றார்.

"நாளைக்குப் பாக்கலாமேக்கா."

"நாளைக்கும் நான்தான் கூப்பிடுவேன், டாக்டர். நாளைக்கும் நான் வரமாட்டேன்."

டாக்டர் முழித்தார். பையை வைத்துவிட்டு விளக்கடித்துப் பார்த்தார். "புரை நல்லா முத்திடுச்சு. இத்தனை நாளா ஏன் தள்ளிப்போட்டீங்க?"

"அதை விடுங்க டாக்டர், ஆபரேஷனுக்குத் தேதி சொல்லுங்க" என்றார் அக்கா.

வியாழக்கிழமை ஆபரேஷன் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர். அதையும் லீவு லெட்டரையும் பார்த்ததும் மேனேஜர் முகம் சுருங்கியது.

"வியாழன்னா கூட்டம் நெரியுமேக்கா. அவாய்ட் பண்ண முடியாதா?"

"முடியாது தம்பி. அன்னிக்கு நீங்க உட்காருங்க."

மேனேஜர் அவசரமாகப் போனைக் காதில் வைத்து, "சொல்லுங்க சார்" என்றார். போன் அடிக்கவே இல்லை.

அக்கா நகரவில்லை. பேனாவை மூடி கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, கையெழுத்து விழும்வரை நின்றார்.