சித்தப்பாவின் காருக்கு எஞ்சின் பார்க்கப் போன நாள்

மாரமங்கலத்தில் பந்தயக் கார் வைத்திருந்தவர் எங்கள் சித்தப்பா ஒருவர்தான். அதைப் பத்தடி ஓட்டிக் கொன்றவள் நான் ஒருத்திதான் என்று பதினோரு வயதில் மூன்று நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சித்தப்பா ஓர் எஸ்டேட்டில் டிரைவர். முதலாளியின் மகன் வெளிநாட்டுக்குக் குடிபோனபோது தன்னுடைய சிவப்பு ஜப்பான் காரைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் ஓர் இறக்கை, தரையைத் தொடுகிற வயிறு, ஊரையே எழுப்பிவிடும் சைலன்சர் என்று அதற்கு அந்த முதலாளி மகன் பண்ணிவைத்திருந்த அலங்காரம் கொஞ்சநஞ்சமில்லை. செம்மநத்தம் ரோட்டில் ஒரு கல்லைக் கண்டால் போதும், சித்தப்பா வண்டியை நிறுத்தி இறங்கி அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் மேலே ஓட்டுவார். இதற்கு நடந்தே போய்விடலாம் என்பாள் அம்மா. முன் சீட்டுக்கு முதல் ஆளாக ஓடுகிறவளும் அவள்தான்.

எஞ்சினும் எல்லா வண்டியிலும் இருக்கிற மாதிரி இல்லை. மேலும் கீழும் போய்வருகிற பிஸ்டனே கிடையாது. முக்கோணமாக ஒன்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். "வட்டச் சட்டிக்குள்ள சமோசா சுத்துதுன்னு வெச்சுக்க கண்ணு" என்று சித்தப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தச் சமோசாவை நம்பி அவர் ஒரு வாக்கும் கொடுத்திருந்தார். தை மாதம் கல்யாணம். பெண்ணுக்குக் குப்பனூர். மலையடிவாரத்திலிருந்து மாரமங்கலம் வரைக்கும் அந்தக் காரில்தான் அழைத்துவருவேன் என்று பெண்ணிடமே சொல்லிவிட்டார்.

அது மார்கழி. காப்பிப் பழம் பறித்துக் களத்தில் காயப்போடுகிற சமயம். ராத்திரியில் காரும் அதே களத்தில்தான் நிற்கும். பலாமரத்தடியில் விட்டுவைத்தால் ராத்திரி காட்டெருமை வந்து முதுகைத் தேய்த்துவிட்டுப் போய்விடும் என்று பயம். ஆகவே காலையில் பழம் காயப்போடுவதற்கு முன்னால் களத்திலிருந்து பத்தடி மேடேற்றி மரத்தடியில் விட வேண்டும். பழத்தை அள்ளி மூடிய பிறகு சாயங்காலம் பிரேக்கை எடுத்துவிட்டால் அதுவே உருண்டு களத்துக்கு வந்துவிடும். சித்தப்பாவுக்கு ஒரு வாரம் எஸ்டேட்டிலேயே தங்குகிற வேலை. போகும்போது சாவியை அப்பாவிடம் கொடுத்து, "ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணா, நாலு பேரு சேந்து தள்ளியே உட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா நன்றாகத் தலையாட்டினார். மறுநாள் காலையிலேயே, பத்தடிக்கு நாலு பேரைக் கூப்பிடுவதா என்று முனகிக்கொண்டு சாவியைத் திருகினார். நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்த வாரம் அவர் காலைப் பார்த்துப் பார்த்துத்தான்.

ஏழாம் நாள் அப்பா விடியுமுன்பே ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளச் சொல்லு என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா கூடை எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். நான் யாரையும் கூப்பிடவில்லை. சீட்டின் நுனியில் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, பத்தடி ஏற்றி, நிறுத்திவிட்டு இறங்கிவிட்டேன். ஆகா, என்ன ஒரு கர்வம்! பல் தேய்க்கக்கூட மறந்துபோனேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்தார். சாவியைத் திருகினார். வண்டி கரகரவென்று இழுத்ததே தவிர உயிர் வரவில்லை. மறுநாள் ஏற்காட்டிலிருந்து வந்த மெக்கானிக், பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள காத்தே புடிக்கலீங்க. எஞ்சின் முடிஞ்சுதுங்க, வேற ஒன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நான் சேர்வராயன் சாமிக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். எதற்காக என்று சாமியிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் சேலத்துக்கு எஞ்சின் பார்க்கப் போனோம். சித்தப்பா, துணைக்கு அப்பா, ராசிக்கு நான். எனக்குக் கைராசி உண்டென்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. நான் தொட்டு வாங்கிய கிடாரி வருஷம் தவறாமல் கன்று போட்டதுதான் அதற்குக் காரணம். மாட்டுக்கு எதுவோ அதுதான் எஞ்சினுக்கும் என்று சித்தப்பா முடிவு செய்துவிட்டார்.

பழைய எஞ்சின் கடையை நடத்தியது ஓர் அம்மா. தலை நிறையக் கனகாம்பரம், கை நிறைய கிரீஸ். எங்களுக்குத் தோதாக அவரிடம் இரண்டு எஞ்சின் இருந்தன. ஒன்று எங்களுடையதைப் போலவே சுற்றுகிற எஞ்சின். கப்பலில் வந்தது, உள்ளே எப்படி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று டாக்சியில் ஓடிய சாதாரண எஞ்சின். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஆனால் காரின் முன்பக்கத்தை வெட்டினால்தான் உள்ளே உட்காரும். எதை எடுத்தாலும் நம் பழைய எஞ்சினைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். கடையில் அதைச் சாமான் சாமானாகப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

சித்தப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்டவும் மனசில்லை, தெரியாததை நம்பிப் பெண்ணை மலையேற்றவும் துணிச்சலில்லை. கடைசியில் என் தோளில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

"கண்ணு, நீ எதத் தொடறயோ அதுதான்."

கை எழவில்லை. கொன்றவளைக் கூப்பிட்டுப் பரிகாரமும் அவளையே செய்யச் சொன்னால் எப்படி? பழைய எஞ்சின் துண்டுதுண்டாகக் கிடக்கப்போவதை நினைத்ததும் அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"நாந்தான் கொன்னுட்டேன் சித்தப்பா! நாந்தான் ஓட்டுனேன்!"

சித்தப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அப்பா பக்கத்தில் கிடந்த டின்னின் மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைக்கார அம்மாதான் குனிந்து கேட்டார்.

"எவ்வளவு தூரம் ஓட்டுன சாமி?"

"பத்தடிங்க."

"ஒடனே நிறுத்திப்போட்டயா?"

"ஆமாங்க."

அந்த அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கடைப் பையன்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஏனுங்க தம்பி, இத மொதல்லயே சொல்றதில்லீங்களா? இந்த எஞ்சினு சூடாகறதுக்கு முன்னால நிறுத்துனா பெட்ரோலு உள்ள தேங்கிக்கும். இருக்கிற எண்ணெயக் கழுவிப்போடும். அப்புறம் எங்கிருந்து காத்துப் புடிக்கும்? ஊட்டுக்குப் போயி பிளக்கு நாலையும் காயவெச்சு, ஓட்டைல ஸ்பூனு ஸ்பூனா எண்ணெய உட்டு இழுத்துப் பாருங்க. வல்லீன்னா வாங்க, எஞ்சின் எங்கீம் ஓடிப்போகாது."

கைக்கு வந்த வியாபாரத்தை விட்டுக்கொடுத்த அந்த மகராசியை இப்போது நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது. திரும்பும்போது பஸ்ஸில் அப்பா வழி நெடுக ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிளக்குகள் நாலும் காப்பிப் பழத்துக்குப் பக்கத்திலேயே வெயிலில் காய்ந்தன. எண்ணெய் விட்டு, பிளக்கைப் பூட்டி, சித்தப்பா சாவியைத் திருகினார். இழுத்தது, நின்றது. மறுபடி இழுத்தது. மூன்றாவது தடவை படபடவென்று வெடித்தது, வெள்ளைப் புகை களத்தையே மூடியது, அதற்குள்ளிருந்து ஊரை எழுப்பும் அந்தச் சத்தம் வந்தது பாருங்கள்! அப்பாடா! மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் அந்தக் கணமே உருண்டு போயிற்று. காப்பி முழுக்கப் புகை நாற்றம் என்று அம்மா கத்தினாள். சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். திட்டவே இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அகோரப் பசி எடுத்தது.

சாயங்காலம் அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மிட்டாய் வாங்கித் தருவதற்கே பத்துத் தடவை யோசிக்கிற மனுஷர், அன்றைக்கு, "என்ன வேணுமோ கேளு சாமி" என்றார். கேக் கேட்டேன், வாங்கித் தந்தார். பூப்போட்ட குடை கேட்டேன், அதையும் வாங்கித் தந்தார். துணிந்து ஒரு கைக்கடிகாரமும் கேட்டேன். அடுத்த சந்தையில் வாங்கித் தருவதாகச் சத்தியமே செய்தார்.

உண்மையைச் சொன்னால் இவ்வளவு கிடைக்குமென்றால் இத்தனை நாள் ஏமாந்துவிட்டோமே என்றுதான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நினைத்தேன். ஆறு காலையும் அதே பத்தடியை ஓட்டி, அதேபோல உடனே நிறுத்திய ஆள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.