சாய்ந்திருந்த குளம்

கோயமுத்தூர் புகைப்படப் போட்டிக்கு அனுப்பும் முன், உக்கடம் பெரியகுளத்தில் நான் எடுத்த நாரைப் படத்தைச் சென்னியப்பனிடம் காட்டினேன். ஒரே மில் ஆபீசில் வேலை பார்த்த நாங்கள் பாக்ஸ் கேமராவில் படமெடுக்கவும் சேர்ந்தே பழகியவர்கள்.

"குறை இருந்தா ஒளிக்காம சொல்லிப்போடுங்க."

"ஒரு குறையும் இல்லீங்க. அப்படியே அனுப்புங்க."

போட்டியன்று மெட்ராசிலிருந்து வந்த நடுவர் என் படத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "குளம் ஒரு பக்கமாகச் சரிந்து தண்ணீர் கொட்டுகிறதே!" என்றார். கூடமே சிரித்தது. பரிசு சென்னியப்பனின் படத்துக்குப் போனது. அவரும் அனுப்பியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும், "ஏனுங்க, உங்களுக்கு அது தெரியலீங்களா?" என்றேன்.

"பார்த்ததுமே தெரிஞ்சுதுங்க. சொல்லியிருந்தா ஓரத்தை வெட்டி நேராக்கிப்போட்டிருப்பீங்க. அப்புறம் எம் படத்தை யாருங்க பாத்திருப்பாங்க?"

நான் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த வருஷம், எதுவுமே நடக்காததுபோல, சென்னியப்பன் பவானி ஆற்றங்கரையில் எடுத்த மீன்கொத்திப் படத்தைக் கொண்டுவந்து அபிப்பிராயம் கேட்டார்.

"வால் பாதிதானுங்க விழுந்திருக்குது. வேற படம் எடுங்க" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "பழி வாங்கறீங்களாக்கும்?" என்று படத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவர், பிறகு என்னோடு பேசவே இல்லை.

வால் பாதிதான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொன்னபோது எனக்குள் இனித்தது. அந்த இனிப்பு அவர் காதிலும் விழுந்துவிட்டது.