நடுப்பெண்ணின் முகம்

வேலையிடத்தில் எல்லாரும் அவளை பிரஷ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய பள்ளிக்கூடக் கட்டடங்களின் முன்சுவரைக் கழுவிச் சீராக்குவது அவள் வேலை. வயது நாற்பத்து மூன்று. தோளில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். பல் தேய்க்கிற பிரஷ்ஷிலிருந்து பாத்திரம் விளக்குகிற நார்வரை அதற்குள் பதினேழு சாமான்கள். வேறு யாராவது அந்தப் பையைத் தொட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

ஆரம்பத்தில் புதுக் குடியிருப்புகளில் தரையும் ஜன்னலும் துடைத்துக்கொண்டிருந்தவள்தான். கணவர் சாரம் கட்டுகிறவர். ஒரு பழைய பள்ளிக்குச் சாரம் கட்டப் போனபோது, கழுவ ஆள் போதவில்லை என்று இவளையும் கூட்டிப் போனார். மற்றவர்கள் கம்பி பிரஷ்ஷை வைத்து வறட்டு வறட்டென்று சுரண்டிக்கொண்டிருக்க, இவள் தண்ணீரைத் தெளித்துவிட்டு, கல் ஊறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளங்கையால் தேய்த்தாள். வருஷக்கணக்காகப் படிந்த வண்டிப்புகைக் கறுப்பு தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்தது. கீழேயிருந்து அதைப் பார்த்த பொறியாளர் அம்மாள், அடுத்த பள்ளிக்கும் அந்த அக்கா வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படியே பதினோரு வருஷம் ஓடி, ஏழு பள்ளிக்கூடம் ஆகிவிட்டது.

"என் தலையைக் கொடுத்தா நரையைக்கூடத் தேய்ச்சு எடுத்துடும் இந்தக்கா" என்று மேஸ்திரி சொல்வார். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. கறை என்று ஒன்று கண்ணில் பட்டால் அது போகும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டிலும் அப்படித்தான். அடுப்பு மேடையில் அவள் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைப்பதைப் பார்த்து, "அண்ணி, விடுங்க, அடுப்புக்கு வலிக்கும்" என்பான் கொழுந்தன்.

கணவரின் தம்பி அவன். சின்னவன் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். இவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பதினோரு வயது, தாய் இறந்து நாலு மாசம். தலை வாரிவிட்டதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் போய்ச் சண்டை போட்டதும் இவள்தான். இவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை. யாராவது அதைக் கேட்டால், "அதான் ஒருத்தன் மீசையோட திரியறானே, போதாதா?" என்று வாயை அடைத்துவிடுவாள். இருபத்தாறு வயதாகியும் அவன் அவர்களோடுதான் இருந்தான். அதே குழுவில் சுண்ணாம்புக் கலவை போட்டு, கல் இடுக்குகளை அடைக்கிற வேலை செய்தான். நடுவில் இரண்டு வருஷம் குடியில் விழுந்து, மேஸ்திரியிடம் ஏகப்பட்ட கெட்ட பெயர் வாங்கி, எப்படியோ எழுந்து வந்திருந்தான்.

எட்டாவது பள்ளி ஒரு பெண்கள் பள்ளி. நூற்று முப்பது வருஷத்துக் கட்டடம். வாசலுக்கு மேலே, சுண்ணாம்புக் கல்லில் மூன்று பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து படிப்பதுபோல ஒரு சிற்பப் பலகை. ஓரத்துப் பெண்கள் இருவரும் புத்தகத்தில் குனிந்திருப்பார்கள். நடுப்பெண் மட்டும் தலையை நிமிர்த்தி, எதையோ நினைத்துக்கொண்டவள் மாதிரி லேசாகச் சிரிப்பாள். அந்த முகத்தின் மேல்தான் மழைநீர்க் குழாய் ஒன்று பல வருஷம் ஒழுகியிருந்தது. நெற்றியிலிருந்து தாடைவரை கரும்பச்சையாக ஒரு கறை.

பொறியாளர் முதல் நாளே சாரத்தில் ஏறி வந்து சொல்லிவிட்டார். "தண்ணி, காகிதக் கூழ்ப் பத்து, மெல்லிசு பிரஷ். அவ்வளவுதான். ஆசிட் வாசனையே இங்க வரக் கூடாது. எது போகலையோ அத அப்படியே விட்டுடுங்க."

அவள் ஆறு நாள் தண்ணீர் தெளித்தாள். காகிதக் கூழை நனைத்து, புண்ணுக்குப் பத்துப் போடுகிற மாதிரி அப்பி, காய்ந்ததும் உரித்தாள். ஓரத்துப் பெண்கள் இருவரும் தெளிந்து வந்துவிட்டார்கள். நடுப்பெண்ணின் கறை பாதிகூடப் போகவில்லை. திறப்பு விழாவுக்கு இன்னும் பதினெட்டு நாள். தலைமையாசிரியை கீழே போகும்போதும் வரும்போதும் அண்ணாந்து பார்த்து, "என்னம்மா, இவளுக்கு மட்டும் குளிக்கப் பிடிக்கலையா?" என்று சிரிப்பார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

பின்கட்டுக் கொட்டகையில், சாக்குக்கு அடியில் சின்னவன் ஒரு ஆசிட் பாட்டில் ஒளித்து வைத்திருந்தான். பூசுகிற கரணையில் இறுகிப்போன கலவையைக் கழுவ அவனுக்கு அது வேண்டும். பொறியாளருக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும்.

ஏழாம் நாள் மதியம் எல்லாரும் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் பசியில்லை என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். ஒரு தம்ளர் தண்ணீருக்கு இரண்டு மூடி ஆசிட். பிரஷ்ஷைத் தொட்டு நெற்றியில் வைத்ததும் சர்ரென்று நுரைத்தது. கறை, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குழாயைத் திறந்து அலசிவிட்டாள். ஈரத்தில் அந்த முகம் வெள்ளைவெளேரென்று மின்னியது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கணவரிடம், "நடுப்பொண்ணு மூஞ்சி தெளிஞ்சிடுச்சுங்க" என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் கல் காய்ந்திருந்தது. ஏறிப் பார்த்தாள். புருவக் கோடு இல்லை. மூக்கு மழுங்கியிருந்தது. உதடு இருந்த இடத்தில் சர்க்கரை கொட்டின மாதிரி சொரசொரப்பு. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. சாரத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இறங்கிப் போய் யாரிடமாவது சொல்வதற்குள் பொறியாளர் வந்துவிட்டார். அவர் கல்லைப் பார்த்தார், மோந்தார், கீழே இறங்கி, "ஆசிட் எங்க இருக்கு?" என்று கேட்டார். கொட்டகையைக் கிளறினார்கள். சாக்குக்கு அடியில் பாட்டில் கிடைத்தது.

"யாரோடது இது?"

"என்னோடதுதான் மேடம்" என்றான் சின்னவன். "கரணை கழுவறதுக்கு. அந்தச் சிலை பக்கம் நான் போகவே இல்ல."

மேஸ்திரிக்கு அது போதும். "குடிகாரனுக்கு இரக்கப்பட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்! கிளம்புடா."

அவள் பத்தடி தூரத்தில் நின்றிருந்தாள். கையிலிருந்த பிரஷ்ஷைத் துணிப்பைக்குள் திணித்தாள். சின்னவன் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான்.

நாலு நாள் அவள் சொல்லவில்லை. இதைப் பற்றிப் பிற்பாடு அவளே சொன்னது: "முதல் நாள் பயம். ரெண்டாம் நாள், நேத்தே சொல்லலையேன்னு பயம். அப்புறம் நாள் ஏற ஏற அது பெருசாகிட்டே போச்சு." பகலில் வெறும் சுவரைத் தேய்த்தாள். சாயங்காலம் வீட்டில் சின்னவனுக்குத் தட்டு வைத்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பான். "அண்ணி, சத்தியமா நான் செய்யல. நீங்களாவது நம்புறீங்களா?"

"நம்புறேன்டா. சாப்பிடு."

நாலாம் நாள் மேஸ்திரி எல்லார் முன்னாலும் ஏதோ குத்தலாகச் சொல்லியிருக்கிறார். கணவர் அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தார். "உனக்காக எவ்வளவு தலைகுனிஞ்சிருக்கேன். ஒரு வார்த்தை, செஞ்சேன்னு ஒத்துக்கயேன்டா!"

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். அவள் கையில் கரண்டியோடு நின்றாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில், கணவர் எழுவதற்கு முன்பே பள்ளிக்குப் போய் கேட்டருகே காத்திருந்தாள். பொறியாளர் காரைவிட்டு இறங்கியதும் எதிரே போய் நின்றாள்.

"நான்தான் மேடம் ஆசிட் போட்டேன். தம்பி இல்ல."

பொறியாளர் கைப்பையைக் காரின் மேலேயே வைத்துவிட்டார். "ஏன்?"

"கறை போகல மேடம்."

"போகலைன்னா விடச் சொன்னேனே."

"விட முடியல."

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முதல்ல அந்தத் தம்பியக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கணவர் தலையில் கையை வைத்துக்கொண்டு இடிந்துபோய் உட்கார்ந்தார். சின்னவன் கத்தவில்லை. நிதானமாகத்தான் கேட்டான்.

"பாட்டில ஒளிச்சு வச்சது என் தப்பு. மேஸ்திரி நம்பலைன்னாலும் பரவால்ல, குடிச்சவன்தானே நான். அண்ணன் சட்டையப் பிடிச்சதுகூடப் பெருசில்ல. நான் செய்யலைன்னு இந்த உலகத்துல உங்க ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நாலு நாள் எனக்குச் சோறு போட்டிருக்கீங்க. எப்படி அண்ணி?"

அவள் அழுதாள். அழுகை பதிலாகாது என்று அவளுக்கே தெரிந்தது. அன்று மத்தியானமே அவன் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு சிநேகிதன் அறைக்குப் போய்விட்டான். மேஸ்திரி பொறியாளரின் கண்டிப்பில் ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டார், வேலைக்கும் திரும்பக் கூப்பிட்டார். அவன் வரவில்லை. டைல்ஸ் ஒட்டுகிற குழு ஒன்றில் சேர்ந்துகொண்டான்.

புது முகம் செதுக்கி ஒட்டிவிடலாம் என்றார் தலைமையாசிரியை. சிற்பத்தின் பழைய போட்டோ இருக்கிறதே என்றும் சொன்னார். பொறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "போனது போச்சு. மிச்சம் உதிராமப் பாத்துக்கலாம்." தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை மறுபடி மறுபடி பூசினால் உதிர்கிற கல் கொஞ்சம் இறுகும். அந்த வேலையை அவளிடமே கொடுத்தார். "முடியலைன்னா சொல்லுங்க. வேற ஆள் போடறேன்."

வேறு ஆள் வேண்டாம் என்றாள். விழாவுக்கு முந்தின நாள்வரை, ஒரு நாளைக்கு நாலு தடவை, அந்த மொழுக்கென்ற முகத்தில் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். மாவு உதிர்வது நின்றது. வேறொன்றும் திரும்பி வரவில்லை.

விழாவன்று பெரிய மனிதர்கள் அண்ணாந்து பார்த்து, பளிச்சென்று இருப்பதாகப் பாராட்டினார்கள். அவள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்ன வகுப்பு வரிசையாக நின்றது. ஒரு சிறுமி ஆசிரியையின் சேலையை இழுத்து, "மிஸ், அந்த நடு அக்காவுக்கு மட்டும் ஏன் மூஞ்சி இல்ல?" என்று கேட்டாள்.

"பழசு இல்லையாம்மா, தேஞ்சுபோச்சு" என்றார் ஆசிரியை.

அவளுக்கு ஒரு கணம், இல்லை, அது என் கைவேலை என்று சொல்லிவிடத் தோன்றியது. சிறுமி அதற்குள் வேறெங்கோ பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது ஒன்பதாவது பள்ளியில் வேலை நடக்கிறது. வெறும் சுவர் மட்டும் கொடுங்கள், சிற்பம் வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். மேஸ்திரி சாமான் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்கிறார். சோப்புத் தூள் கேட்டாலும் திறந்து கொடுத்துவிட்டு அவள் கையையே பார்க்கிறார்.

சின்னவன் மாசம் ஒரு தடவை அண்ணனை டீக்கடையில் சந்திக்கிறான். வீட்டுக்கு வருவதில்லை. போன மாசம் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே அண்ணனிடம் மாத்திரையைக் கொடுத்தான்.

"உள்ள வாடா. சாப்பிட்டுட்டுப் போ" என்றாள் அவள்.

"இல்ல, ஆச்சு அண்ணி" என்றான். மணி பதினொன்றரைதான் ஆகியிருந்தது. பிறகு அண்ணனிடம் மட்டும் வரட்டுமா என்று கேட்டுவிட்டு, தெருவில் இறங்கி நடந்தான்.