கருவாட்டுத் தண்ணீரில் ஊறிய கோழி

என் கணவரின் அக்காவுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நான் துபாயில் வீட்டு வேலை செய்த ஏழு வருடமும் என் மகள் ஹாலிஎலயில் அவள் வீட்டில்தான் வளர்ந்தாள். நான் திரும்பி வந்து நான்கு மாதமாகியும், "ஸ்கூலு பக்கத்துல இருக்கு, படிப்புத் தவணை முடியட்டும்" என்று நாத்தனார் பிள்ளையை விடவில்லை. தவணையும் முடிந்தது. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க" என்று போனிலேயே கழன்றுகொண்டார். அந்த ஞாயிறு நாத்தனாரையும் மகளையும் தேயிலைத் தோட்டத்தில் நான் இருக்கும் லயத்து வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் பிள்ளை என்னிடமே தங்கிவிட வேண்டும். அதற்குத்தான் அந்தக் கோழி.

துபாய் வீட்டில் சமையல் செய்தவள் தாய்லாந்துக்காரி. அவள் சுடும் கோழியைப் பற்றி மகளிடம் போனில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "எனக்கும் செஞ்சு தாங்கம்மா" என்பாள். செய்யப் போனால்தான் வினை. அதற்குக் கொத்தமல்லி வேர் வேண்டும். பதுளைச் சந்தையில் வேரை நறுக்கி எறிந்துவிட்டுத்தான் கட்டுக் கட்டுகிறார்கள். வேரோடு கேட்டதற்கு ஒருவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வேர வச்சு என்னா, செய்வினையா செய்யப் போறீங்க?" என்றான். அதில் ஊற்றும் மீன் சாஸுக்கு நான் எங்கே போவேன்? நெத்தலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்து வடித்து, அந்தத் தண்ணீரில் கித்துள் கருப்பட்டியைக் கரைத்தேன். எலுமிச்சை வாசமடிக்கும் சேரைப் புல் மட்டும் லயத்துக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடந்தது. அதன் தண்டு, மல்லி வேர், பூண்டு, மிளகு எல்லாவற்றையும் அம்மியில் அரைத்து, கோழியைப் பிளந்து முதல்நாளே ஊறவைத்தேன். நான் துபாய் போனபோது, ஐந்து வயதில், நாக்கில் உறைப்புப் பட்டாலே மகளுக்குக் கண் கலங்கும். அதனால் மிளகைக் குறைத்தேன், மிளகாயைத் தொடவேயில்லை.

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை எரித்துத் தணலாக்கி, செங்கல் மேல் கம்பி வலையை வைத்தேன். கோழியிலிருந்து நெய் சொட்டத் தொடங்கிய நேரத்தில் இருவரும் வந்தார்கள். வந்ததும் நாத்தனார் மூக்கைப் பொத்தினாள்.

"என்னா இது, கோழில கருவாடு மணக்குது?"

"தாய்லாந்து முறைங்க, அண்ணி."

"மஞ்சத்தூளு இல்ல, கறித்தூளு இல்ல. நோயாளிக்கா ஆக்குற?"

பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டி எடுக்க உள்ளே போனேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தால், தன் பையிலிருந்து ஒரு காகிதச் சரை மிளகாய்த்தூளை எடுத்து, கோழித் தொடை ஒன்றின் மேல் தூவிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே மடித்துக் கொண்டுவந்திருக்கிறாள்!

"என் கோழி மேல கை வைக்க நீங்க யாரு?" கத்திவிட்டேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"புள்ளைக்கு ஒறப்பு இல்லாட்டி எறங்காது," என்றாள் நிதானமாக. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

அந்த நிதானத்துக்கே அவளைப் பிடித்துத் தணலில் தள்ளலாம் போலிருந்தது. மகள் குனிந்த தலை நிமிராமல் அந்தத் தொடையைத்தான் எடுத்தாள். ரொட்டியோடு எலும்புவரை சுரண்டித் தின்றாள். நான் பார்த்துப் பார்த்துச் சுட்ட நெஞ்சுத் துண்டை ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டின் ஓரம் ஒதுக்கினாள்.

பிறகு விரலை நக்கிக்கொண்டு, "நல்லா இருக்கும்மா," என்றாள். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் நாத்தனார் பக்கம் திரும்பி, "அத்தை, நம்ம வீட்டுலயும் இத செய்வோமா?" என்று கேட்டாள்.

நம்ம வீடு என்றாள். அன்று நான் கேட்க வைத்திருந்த கேள்விக்கு அதோடு பதில் வந்துவிட்டது. கேட்காமலே விட்டேன்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். ஜெயித்தவளின் முகம். "எப்படி ஆக்குனேன்னு சொல்லேன். புள்ள ஆசப்படுது."

மாற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கருவாட்டுத் தண்ணீரையும் மல்லி வேரையும் மறைத்தால் போதும், சப்பென்று போய்விடும். அவள் மூக்குடைபடுவதை நினைக்கவே இனித்தது. ஆனால் தின்னப் போவது என் பிள்ளை. வேர் எத்தனை, பூண்டு எத்தனை பல் என்று ஒன்று விடாமல் சொன்னேன். மிளகாய்த்தூள் எவ்வளவு போட வேண்டும் என்பதை மட்டும் நான்தான் அவளிடம் கேட்டேன்.